கொடுமுடி கோகிலம் கே. பி. சுந்தராம்பாள்



தைப்பூசம், பங்குனி உத்திரம் போன்ற திருநாள்களில் நம் மலைப்பகுதிக் கோயில்களின் ஒலிபெருக்கிகளிலிருந்து ஒரு பெண் குரல் எழுந்து வருவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அது மெல்லிய குரலன்று. கணீரென ஒலித்து, தேயிலைச் சரிவுகளைக் கடந்து அடுத்த குன்று வரை செல்லும் குரல். 1965ஆம் ஆண்டு வெளிவந்த 'திருவிளையாடல்' திரைப்படத்தில், பழத்திற்காகக் கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனைப் பாட்டினாலேயே அமைதிப்படுத்தும் ஔவையாராகத் தோன்றுபவர் அக்குரலுக்கு உரியவரே. அவரை நம்முள் பலர் நரைத்த தலையும் ஊன்றுகோலும் உடைய மூதாட்டியாகவே அறிவோம். ஆயின், அவரும் ஒரு காலத்தில் உங்களைப் போன்ற சிறுமியாக இருந்தவர். வறுமையின் காரணமாகப் புகைவண்டியில் பாடிக் காசு பெற்றவர். சிறு வயதிலேயே நாடக மேடை ஏறியவர். அவ்வம்மையார் கே. பி. சுந்தராம்பாள் ஆவார். அவருடைய இளமைக் காலத்தையும், அவர் புகழேணியில் ஏறிய வரலாற்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் வறுமையும்

தமிழகத்தில் காவிரியாற்றின் கரையில் ஈரோட்டிற்கும் கரூருக்கும் இடையே அமைந்துள்ள ஊர் கொடுமுடி. மகுடேசுவரர் கோயிலால் பெயர்பெற்ற திருத்தலம் அது. அவ்வூரில் 1908ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சுந்தராம்பாள் பிறந்தார். அவருடைய அன்னையார் பெயர் பாலாம்பாள். கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் என்பதன் சுருக்கமே கே. பி. சுந்தராம்பாள் என்னும் பெயராகும். ஊரின் பெயரையும் தாயின் பெயரையும் தம் பெயரோடு சேர்த்து வாழ்நாள் முழுவதும் தாங்கிய சிறப்பு அவருக்கு உண்டு.

குழந்தைப் பருவத்திலேயே சுந்தராம்பாள் தந்தையை இழந்தார். சிறு பிள்ளைகளுடன் தனித்து நின்ற பாலாம்பாள் அம்மையாரின் நிலை மிகவும் இரங்கத்தக்கது. உறவினர் கைகொடுத்தனர் எனினும், பசி தீரும் அளவுக்கு வருவாய் இல்லை. அக்காலத்தில் கைம்பெண்ணுக்கு உதவித்தொகை இல்லை. ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடநூலும் உணவும் இலவசமாகக் கிடைக்கவில்லை. உழைத்தால் கூழ், உழைக்க இயலாவிடின் பட்டினி என்பதே ஏழைகளின் வாழ்க்கையாக இருந்தது. நம் தோட்டத்து மூத்தோர் பலருக்கு இந்நிலையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அவ்வறுமையிலும் அக்குடும்பத்திற்கு ஒரு செல்வம் இருந்தது. அது சிறுமி சுந்தராம்பாளின் குரல். அவர் முறையாக ஒரு குருவிடம் அமர்ந்து இசை பயின்றிலர். கோயிலில் கேட்டதையும், தெருவில் கேட்டதையும், நாடகக் கொட்டகையின் வெளியே நின்று கேட்டதையும் அப்படியே நினைவில் கொண்டு பாடும் ஆற்றல் அவருக்கு இயல்பாகவே அமைந்திருந்தது. ஈரோட்டிலிருந்து கரூர் வழியாகத் திருச்சி செல்லும் இருப்புப்பாதை கொடுமுடியைத் தொட்டுச் செல்கிறது. அத்தடத்தில் ஓடிய புகைவண்டிகளில் ஏறிப் பாடுவார். பயணிகள் மனமுவந்து கொடுக்கும் காசைக் கொண்டு சென்று தாயிடம் சேர்ப்பார்.

புகைவண்டியின் இரைச்சலுக்கு மேலே குரல் எழ வேண்டும். எழாவிடின் எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார். பிற்காலத்தில் ஒலிபெருக்கி இல்லாமலேயே ஆயிரக்கணக்கானோருக்குக் கேட்கும்படி பாடிய அந்தக் குரல், முதலில் வளர்ந்த பள்ளிக்கூடம் அந்தப் புகைவண்டிப் பெட்டிதான் எனலாம்.

நாடக மேடையில்

அந்நாளில் திரைப்படம் பேசத் தொடங்கவில்லை. மக்களுக்குக் கலை விருந்து அளித்தவை நாடகக் குழுக்களே. சங்கரதாசு சுவாமிகள் போன்ற பெரியோர் எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி முதலிய நாடகங்கள் ஊர்தோறும் நடைபெற்றன. இரவு தொடங்கும் நாடகம் விடியும் வரை நடக்கும். ஒலிபெருக்கி கிடையாது. மேடையின் ஓரத்தில் ஆர்மோனியக்காரர் அமர்ந்து வாசிக்க, நடிகர்கள் வசனத்தைவிடப் பாட்டையே மிகுதியாக நம்பி நடித்தனர். கொட்டகையின் கடைசி வரிசையில் மண் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். அவ்வாறு பாட இயலாதவருக்கு மேடையில் இடமில்லை.

நாயகன் வேடத்தை ராஜபார்ட் என்றும், பெண் வேடத்தை ஸ்திரீபார்ட் என்றும், சிறுவர் வேடத்தைப் பாலபார்ட் என்றும் நாடகக்காரர் வழங்கினர். பாலபார்ட்டுக்கு நல்ல குரல் வளமுள்ள பிள்ளைகளைத் தேடி ஊர் ஊராகச் செல்வது வழக்கம். சுந்தராம்பாளின் குரலைக் கேட்டு அவரை மேடைக்குக் கொண்டுவந்தவர்களாக இருவரின் பெயர்களை வரலாறு எழுதியோர் குறிப்பிடுவர். ஒருவர் கிருஷ்ணசாமி என்னும் காவல்துறை அலுவலர். மற்றொருவர் திருச்சியில் இருப்புப்பாதைத் துறை அதிகாரியாகவும், தாமே சிறந்த நாடகக் கலைஞராகவும் விளங்கிய எஃப். ஜி. நடேச ஐயர். வேலு நாயர் என்பாரின் நாடகக் குழுவில் சுந்தராம்பாள் சேர்ந்தார்.

கரூரில் நடைபெற்ற 'நல்லதங்காள்' நாடகத்தில் அவருக்குக் கிடைத்தது நல்லதங்காளின் மூத்த மகன் வேடம். நல்லதங்காள் கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பஞ்சத்தால் வாடிய ஒரு தாய் ஏழு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அண்ணன் வீடு தேடிச் செல்வாள். அங்கே அண்ணியின் கொடுமையால் ஒரு வாய்ச் சோறும் கிடைக்காமல் துன்புறுவாள். அப்பிள்ளைகளுள் மூத்தவனாக மேடையில் நின்று, பசி தாங்காமல் தாயிடம் முறையிடும் பாட்டைச் சிறுமி சுந்தராம்பாள் பாடினார். கேட்டவர் உள்ளம் உருகியது. மற்ற நடிகர்களுக்குப் பசி என்பது நடிப்பு. அச்சிறுமிக்கோ அது வீட்டில் நாள்தோறும் கண்ட உண்மை. தந்தையற்ற பிள்ளைகளையும் கலங்கி நிற்கும் தாயையும் அவர் நூலில் படித்து அறிய வேண்டியிருக்கவில்லை. அன்று முதல் கொடுமுடிச் சிறுமியின் பெயர் நாடக உலகில் பரவலாயிற்று.

இங்கே ஒன்றை நாம் சிந்தித்தல் வேண்டும். மேடையில் கைதட்டல் பெற்ற அச்சிறுமிக்கு இரவெல்லாம் உறக்கமில்லை. விளையாடும் பருவத்தில் விளையாட்டில்லை. ஒருநாள் காய்ச்சல் கண்டு குரல் கட்டிவிட்டால் வருவாய் நின்றுபோகும். அச்சின்னஞ்சிறு தொண்டையை நம்பி ஒரு குடும்பம் வாழ்ந்தது. அவர் அடைந்த புகழைப் போற்றும் நாம், அதற்காக அவர் கொடுத்த விலையையும் மறத்தல் ஆகாது.

கடல் கடந்த பயணம்

நாடகக் குழுவினருடன் சுந்தராம்பாள் இளம் பருவத்திலேயே இலங்கைக்குக் கப்பலேறினார். அக்காலத்தில் தமிழ் நாடகக் குழுக்கள் தமிழர் வாழ்ந்த நாடுகளுக்கெல்லாம் சென்று வந்தன. நம் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கூட அவ்வாறு பல குழுக்கள் வந்துள்ளன. இலங்கையில் யாழ்ப்பாணத்துத் தமிழரும், கொழும்பு நகரத் தமிழரும், நம்மைப் போலவே மலைச்சரிவுகளில் தேயிலைக் கொழுந்து பறித்து வாழ்ந்த தமிழரும் இருந்தனர். தாயகத்தைப் பிரிந்து வாழ்வோர்க்குத் தமிழ்ப் பாட்டு எத்துணை ஆறுதல் என்பதை நாம் நன்கறிவோம். இலங்கையில் பல ஊர்களில் நாடகங்கள் நிகழ்ந்தன. பாலபார்ட்டில் தொடங்கிய சுந்தராம்பாள் படிப்படியாக வள்ளி முதலிய தலைமை வேடங்களை ஏற்றார். ஆண் வேடங்களிலும் திறம்பட நடித்தார்.

பாலபார்ட்டில் புகழ்பெற்ற பிள்ளைகள் பலர், வளர்ந்த பின் மேடையை விட்டு மறைந்துபோவதுண்டு. பருவம் மாறக் குரல் மாறும். சிறுபிள்ளை என்னும் இரக்கமும் நீங்கிவிடும். சுந்தராம்பாள் அவ்வாறு மறையவில்லை. சிறுவயதுப் புகழோடு மனநிறைவு கொள்ளாமல், புதிய பாடல்களையும் புதிய வேடங்களையும் இடைவிடாது பயின்றமையே அதற்குக் காரணமாகும்.

கிட்டப்பாவும் சுந்தராம்பாளும்

செங்கோட்டையில் 1906ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா என்பாரும் குழந்தைப் பருவத்திலேயே மேடையேறிய நடிகரே. அவருடைய குரல் எட்டாத உயரம் எட்டும் என்று நாடகம் கண்டோர் வியந்தனர். 1926ஆம் ஆண்டு கொழும்பு நகரில் அவரும் சுந்தராம்பாளும் முதன்முதலாக ஒரே மேடையில் நடித்தனர். கிட்டப்பாவின் எதிரில் நின்று பாடினால் இவரது புகழ் மங்கிவிடும் என்று அஞ்சியோரும் இருந்தனர். நடந்ததோ வேறு. ஒருவர் பாட்டு மற்றவர் பாட்டை உயர்த்தியது. 'வள்ளி திருமணம்' நாடகத்தில் இருவரும் போட்டியிட்டுப் பாடுவதைக் கேட்க மக்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தனர்.

1927ஆம் ஆண்டு இருவரும் வாழ்க்கைத் துணைவராயினர். நம் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்ற 1929ஆம் ஆண்டில், இருபத்தொரு வயது நிரம்பிய சுந்தராம்பாள் தமிழகமெங்கும் கொட்டகைகளை நிரப்பும் கலைஞராக விளங்கினார். இசைத்தட்டுகளின் வழியே அவர் குரல் நாடகம் காணாதோர் வீடுகளையும் சென்றடைந்தது.

அந்த நல்வாழ்வு நீடிக்கவில்லை. 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், இருபத்தேழே வயதில் கிட்டப்பா காலமானார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. குழந்தையாக இருந்தபோது தம் தாய் அடைந்த நிலையைத் தாமும் அடைந்தார். அணிகலன்களைத் துறந்து வெள்ளைப் புடவை உடுத்தார். இனி எந்த ஆண் நடிகருக்கும் இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டு, இறுதிவரை அவ்வுறுதியைக் காத்தார். மேடையை விட்டு ஒதுங்கியிருந்த அவர், காலப்போக்கில் மீண்டும் பாடத் தொடங்கினார். நாட்டு விடுதலை இயக்கக் கூட்டங்களில் அவர் குரல் முழங்கியது. காங்கிரசுக்காக ஊர் ஊராகச் சென்று பாடி மக்களைத் தட்டியெழுப்பினார்.

வெள்ளித்திரையில்

தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் நாயகியாக நடித்த டி. பி. ராஜலட்சுமியும் சிறுமியாக நாடக மேடையில் வளர்ந்தவரே. பாடத் தெரிந்தவரே நடிக்க முடியும் என்றிருந்த அக்காலத்தில், படத் தயாரிப்பாளர்கள் நாடகக் கலைஞரை நாடி வந்தனர். 'நந்தனார்' கதையைப் படமாக்க விரும்பிய ஹாசன்தாஸ் என்பார் சுந்தராம்பாளை அணுகினார். நடிக்க விருப்பமில்லாத அம்மையார், அவர் திரும்பிச் சென்றுவிடட்டும் என எண்ணியே ஓர் இலட்சம் ரூபாய் கேட்டாராம். அவரோ அத்தொகையைத் தர ஒப்புக்கொண்டார் எனத் திரை வரலாறு எழுதியோர் கூறுவர். முப்பது ரூபாய்க்குள் ஒரு பவுன் தங்கம் வாங்க இயன்ற காலம் அது. புகைவண்டியில் சில்லறைக் காசுக்குப் பாடிய சிறுமி, இந்தியத் திரையுலகில் ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்ற முதல் கலைஞர் என்னும் பெயரைப் பெற்றார்.

1935ஆம் ஆண்டு வெளிவந்த அப்படத்தில் அவர் ஏற்றது ஆண் வேடம். நந்தனார் யார்? பண்ணையில் உழைத்த ஏழைத் தொழிலாளி. தாழ்ந்த குலத்தவர் எனக் கூறிக் கோயிலுக்குள் விடப்படாதவர். தில்லைக்குச் செல்ல விடுப்பு வேண்டிப் பண்ணையாரிடம் மன்றாடியவர். பண்ணையாராகிய வேதியர் வேடத்தில் புகழ்பெற்ற இசை அறிஞர் மகாராஜபுரம் விசுவநாதய்யர் நடித்தார். பெரும் பொருட்செலவில் எடுக்கப்பெற்ற அப்படம் எதிர்பார்த்த அளவு பாராட்டைப் பெறவில்லை. அம்மையார் அதனால் மனந்தளரவில்லை. 1940ஆம் ஆண்டு 'மணிமேகலை' படத்தில் நடித்தார்.

பின்னர் 1953ஆம் ஆண்டு ஜெமினி நிறுவனத்தின் எஸ். எஸ். வாசன் தயாரித்த 'ஔவையார்' வெளிவந்தது. அப்படம் தமிழ் வழங்கும் நாடுகளிலெல்லாம் அவரை ஔவையாராகவே நிலைநிறுத்தியது. தோட்டத் திடல்களில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய காலத்தில், பாயும் கம்பளியும் எடுத்துச் சென்று திறந்த வெளியில் அமர்ந்து அவரது படங்களைக் கண்ட முதியோர் இன்றும் அவற்றைப் பற்றிச் சொல்வர். 1964ஆம் ஆண்டு 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகளாகவும், 1965ஆம் ஆண்டு 'திருவிளையாடல்' படத்தில் மீண்டும் ஔவையாராகவும் தோன்றினார். 1973ஆம் ஆண்டு வெளிவந்த 'காரைக்கால் அம்மையார்' படத்திலும் அவர் நடித்தார். பிறர் இளமையைக் காட்டிப் புகழ்பெற்ற திரையுலகில், முதுமைக் கோலத்திலேயே மக்கள் மனத்தில் இடம்பிடித்தவர் அவர்.

பெற்ற சிறப்புகள்

1950களில் சென்னை மாநிலச் சட்டமன்ற மேலவையின் உறுப்பினராக அம்மையார் அமர்த்தப்பெற்றார். திரையுலகிலிருந்து சட்டமன்றம் புகுந்த முதல் கலைஞர் என்னும் பெருமை அவருக்கு உரியது. பிற்காலத்தில் தமிழகத்தின் முதலமைச்சர்களாகக் கலையுலகினர் பலர் வந்தனர். அப்பாதையில் முதலடி வைத்தவர் கொடுமுடியில் பிறந்த ஏழைப் பெண் என்பதை நினைக்க நெஞ்சம் நிறைகிறது. 1969ஆம் ஆண்டின் 'துணைவன்' படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான இந்திய நாட்டு விருது அவருக்குக் கிடைத்தது. 1970ஆம் ஆண்டு இந்திய அரசு பத்மசிறீ விருது வழங்கியது. 1980ஆம் ஆண்டு அம்மையார் இயற்கை எய்தினார்.

நாம் கொள்ள வேண்டிய படிப்பினை

மாணவச் செல்வங்களே! சுந்தராம்பாள் அம்மையாரின் வாழ்வைக் கேட்டவுடன், பள்ளிக்குச் செல்லாமலே புகழ்பெறலாம் போலும் என்று எவரும் எண்ணிவிடுதல் கூடாது. அவர் பள்ளியை வெறுத்து விட்டவரல்லர். வறுமை அவரைப் பள்ளியில் நிலைக்க விடவில்லை. அவரைப் போல் புகைவண்டிகளிலும் கடைத்தெருக்களிலும் பாடிய பிள்ளைகள் எத்தனையோ பேர் இருந்திருப்பர். அவர்களுள் ஒருவர் பெயரேனும் நமக்குத் தெரியுமா? ஆயிரத்தில் ஒருவரைத் தூக்கிவிட்ட அந்த வழி, மற்றவரைக் கைவிட்டுவிட்டது. அதனால்தான் நாடுகள் சட்டம் இயற்றின. மலாயாவில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என விதித்தது. 2003ஆம் ஆண்டு முதல் மலேசியாவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. சுந்தராம்பாளுக்குக் கிட்டாத அந்தப் பேறு உங்களுக்குக் கிட்டியுள்ளது. அதனை வீணாக்காதீர்கள்.

பெற்றோர்களே! அம்மையாரின் குரல் அவருடன் பிறந்ததுதான். ஆனால் அதைக் காது கொடுத்துக் கேட்டு, இப்பிள்ளையிடம் அரிய ஆற்றல் உள்ளது என்று உணர்ந்தவர்கள் சிலர் இருந்தமையாலேயே அது உலகறிந்தது. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துக் களைத்து வீடு திரும்பும் வேளையில், பிள்ளை பாடினாலும், வரைந்த படத்தைக் கொண்டு வந்து காட்டினாலும், கணக்கொன்றைப் புதுவழியில் போட்டேன் என்று சொன்னாலும், சிறிது நேரம் நின்று கேளுங்கள். பணம் செலவழித்துச் செய்ய வேண்டிய உதவியன்று அது. கண்டறிந்ததைப் பள்ளிக்கு வந்து ஆசிரியர்களிடமும் கூறுங்கள். அதே வேளையில், பிள்ளையின் திறமையைக் குடும்பத்தின் வருவாயாகக் கருதி, படிக்கும் வயதில் அதன் தோளில் சுமை ஏற்றாதீர்கள். அச்சுமையைத் தாங்கி நிமிர்ந்தவர் சுந்தராம்பாள். எல்லாப் பிள்ளைகளாலும் அவ்வாறு நிமிர இயலாது.

தந்தையை இழந்த பின்னும் தளராதது, துணைவரை இழந்த பின்னும் தாம் கொண்ட உறுதியில் பிறழாதது, பெரும்பொருள் பெற்ற பின்னும் எளிய வெள்ளைப் புடவையுடன் வாழ்ந்தது ஆகிய பண்புகளே அம்மையாரின் குரலுக்கு உயர்வு தந்தன. அடுத்த தைப்பூசத்தன்று கோயிலில் அவர் பாடல் ஒலிக்கும்போது, பாடுபவர் யார் என்பதை உங்கள் தம்பி தங்கையருக்கு எடுத்துச் சொல்லுங்கள். கொடுமுடியில் பிறந்த ஒரு சிறுமியின் கதையையும் அப்பாட்டோடு சேர்த்து அவர்கள் அறிந்துகொள்ளட்டும்.

வாழ்க அம்மையார் புகழ்! வளர்க நம் பள்ளி!

— தலைமையாசிரியர்